ஆய்வுத் தரவையும் நிரலையும் இணையத்தில் பகிர்வது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்ட ஆய்விலோ முதுநிலை ஆய்விலோ ஈடுபட்டு, தம் தரவையும் அதை அலசுவதற்காக எழுதிய நிரலையும் முதன்முறையாகப் பொதுவில் வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுரையை ஏற்பதற்கு முன்பே, தரவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பல அறிவியல் இதழ்கள் இன்று கேட்கின்றன. "கேட்பவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம்" என்ற பழைய வாசகம் அவற்றுக்குப் போதுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவைக் கேட்டுப் பார்த்து 2014-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, கட்டுரைக்கு ஒவ்வோர் ஆண்டு வயது கூடும்போதும் அதன் தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைவதைக் காட்டியது. மடிக்கணினி பழுதாகிறது, மாணவர் வேறு ஊருக்குப் போய்விடுகிறார், நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி முடக்கப்படுகிறது; தரவும் அவற்றோடு போய்விடுகிறது.

இதை நான் செய்தபோது பட்ட சிரமம் பதிவேற்றத்தில் இல்லை; அது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், எந்த உரிமம் எதற்குப் பொருந்தும், எந்த எண்ணைக் கட்டுரையில் எழுத வேண்டும் என்பவையெல்லாம் பல தளங்களின் உதவிப் பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கமும், மற்றவற்றை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டதாக எண்ணியே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்: கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். முதல் வரைவை எழுதும்போதே தொடங்கிவிடுங்கள். ஏற்பு மடலுக்குப் பின் இதழ் தரும் அவகாசம் பெரும்பாலும் சில நாள்கள்தாம். ஒப்புதல் கடிதங்கள் அதற்குள் கைக்கு வந்து சேர்வதில்லை.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்பதற்காக, சில ஏரிகளில் நீர்மாதிரி எடுத்து நைட்ரேட், கரைந்த ஆக்சிஜன் முதலியவற்றை அளந்து, பைத்தான் நிரலால் அலசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் துறை வேறாக இருந்தாலும் படிகள் பெரிதும் மாறா.

1. ஒப்புதல்களை எழுத்தில் வாங்குங்கள்

தரவு உங்கள் கணினியில் இருப்பதால் அதை வெளியிடும் உரிமையும் உங்களுடையது என்று ஆகிவிடாது. நெறியாளர், இணை ஆசிரியர்கள் அனைவர், திட்டத்துக்கு நிதி தந்த அமைப்பு ஆகியோரின் ஒப்புதல் தேவை. தொலைபேசியில் "சரி" என்று சொன்னது போதாது. எந்தக் கோப்புகள், எந்தக் களஞ்சியத்தில் (தரவைச் சேமித்துக் காக்கும் இணையதளத்தில்), எந்த உரிமத்தில், எந்தத் தேதிக்குப் பிறகு வெளியிடப்படும் என்ற நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, அனைவரிடமிருந்தும் பதில் பெற்று, அந்தப் பதில்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இணை ஆசிரியர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போயிருந்தாலோ ஓய்வு பெற்றிருந்தாலோ, பதில் வர ஒரு மாதம்கூட ஆகலாம்.

பிறரிடமிருந்து பெற்ற தரவு உங்கள் அட்டவணையில் கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஓர் அரசுத் துறை தந்த மழையளவுப் பட்டியலைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றால், அதை மறுபடி வெளியிட அத்துறை அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லையெனில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, அதை எங்கிருந்து எப்படிப் பெறலாம் என்பதை மட்டும் எழுதுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள். பொதுவில் வெளியான ஒன்றைப் புதியது என்று பிறகு நிறுவுவது கடினம்.

மனிதர்களைப் பற்றிய தரவு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும், பங்கேற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் வாசகத்தையும் எடுத்துப் படியுங்கள். "இத்தகவல் ஆய்வுக் குழுவைத் தவிர வேறு யாருக்கும் தரப்படாது" என்ற வரி அந்தப் படிவத்தில் இருந்தால், தனிநபர் அளவிலான தரவை நீங்கள் வெளியிட முடியாது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் கொண்டே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே அடையாளம் காண வாய்ப்புண்டு என்று தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு, ஊருக்குப் பதில் மாவட்டம் என்று விவரத்தின் நுணுக்கத்தைக் குறையுங்கள். அப்படிக் குறைத்தால் ஆய்வே பொருளற்றுப் போகும் என்ற நிலையில், அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும் கட்டுப்பாட்டு அணுகல் உள்ள களஞ்சியத்தை நாடுங்கள்.

அரிய உயிரினங்களுக்கும் இது பொருந்தும். வேட்டையாடப்படும் விலங்குகளும் திருடப்படும் ஆர்க்கிட் செடிகளும் இருக்குமிடத்தைத் துல்லியமான ஆயத்தொலைவுகளோடு வெளியிடுவது அவற்றுக்கு ஆபத்து. இடத்தைத் தோராயமாக்கி, அப்படிச் செய்திருப்பதையும் குறிப்பிட்டு வெளியிடுவதே வழக்கம். களத்தில் கைப்பேசியால் எடுத்த படங்களுக்குள்ளும் இட விவரம் பதிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். படங்களைப் பதிவேற்றுவதற்கு முன் அதை அகற்றுங்கள்.

2. எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் துறைக்கென்றே ஒரு களஞ்சியம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. பல துறைகளில் அது கட்டாயமும்கூட. மரபணு வரிசைகள் அமெரிக்காவின் ஜென்பாங்க், ஐரோப்பாவின் ஈ.என்.ஏ., ஜப்பானின் டி.டி.பி.ஜே. ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். மூன்றும் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்வதால் ஒன்றில் சேர்த்தால் போதும். புரத வடிவமைப்புகளுக்குப் புரோட்டீன் டேட்டா பேங்க், கரிமச் சேர்மங்களின் படிக வடிவமைப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையம், உயிரினங்கள் காணப்பட்ட இடப் பதிவுகளுக்கு ஜிபிஃப், புவியியல், சுற்றுச்சூழல் தரவுகளுக்குப் பங்கேயா என்று வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. இந்தியாவில் பொது நிதியில் உருவாகும் உயிரியல் தரவுகளுக்காக 2022-இல் ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. உயிர்த் தொழில்நுட்பத் துறையின் நிதியில் ஆய்வு செய்பவர்கள், அங்கே சேர்க்க வேண்டுமா என்பதைத் திட்ட ஆணையில் பாருங்கள்.

துறைக் களஞ்சியம் இல்லாதவர்களுக்குப் பொதுக் களஞ்சியங்கள் உள்ளன. ஜெனோடோ, ஃபிக்‌ஷேர், ட்ரையட், ஹார்வர்ட் டேட்டாவர்ஸ், ஓ.எஸ்.எஃப். ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. ஏரி நீர்த் தரவும் நிரலும் போன்ற கலவைக்கு நான் பரிந்துரைப்பது ஜெனோடோவையே. அதை நடத்துவது ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகம். 2013 முதல் இயங்குகிறது. எந்த நாட்டினரும் எந்தத் துறையினரும் பயன்படுத்தலாம். தரவு, நிரல் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. பதிவை நிரந்தரமாகச் சுட்டும் அடையாள எண்ணும் இலவசம். இந்த வழிகாட்டியின் எஞ்சிய படிகள் ஜெனோடோவையும், நிரலை எழுதிப் பராமரிக்க உதவும் கிட்ஹப் தளத்தையும் ஒட்டியே அமைகின்றன.

கூகுள் டிரைவ் இணைப்பையோ துறையின் இணையதளத்தையோ கட்டுரையில் கொடுக்காதீர்கள். கிட்ஹப் இணைப்பை மட்டும் கொடுப்பதும் போதாது. கிட்ஹப்பில் வைத்த நிரலை அதன் உரிமையாளர் எந்த நேரமும் அழிக்கலாம், பெயர் மாற்றலாம், தனிப்பட்டதாக ஆக்கிக்கொள்ளலாம். அது வேலை செய்வதற்கான இடமேயொழிய காப்பகம் அன்று.

3. செலவையும் காலத்தையும் கணக்கிடுங்கள்

ஜெனோடோ, ஓ.எஸ்.எஃப்., ஹார்வர்ட் டேட்டாவர்ஸ், ஜென்பாங்க் ஆகியவற்றில் சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கிட்ஹப்பில் பொதுத் திட்டங்களுக்கும் கட்டணம் இல்லை. ட்ரையட் மட்டும் கட்டணம் வாங்குகிறது. உங்கள் நிறுவனமோ இதழோ அதனுடன் ஒப்பந்தம் செய்திருந்தால் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் டாலரில் செலுத்த வேண்டும். பல்கலைக்கழகத்தின் வழியே டாலரில் பணம் செலுத்தக் கோப்பு நகர்த்துவது எவ்வளவு நாள் இழுக்கும் என்பது இந்திய மாணவர்களுக்குத் தெரிந்ததே. எனவே, இதழ் வற்புறுத்தினாலொழிய கட்டணக் களஞ்சியத்துக்குப் போகத் தேவையில்லை. டி.ஓ.ஐ. என்னும் நிரந்தர எண்ணைத் தனியே விலைக்கு வாங்கவும் வேண்டியதில்லை. களஞ்சியமே அதைத் தருகிறது. தரவைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடும் தரவு இதழ்கள் வேறு வகை. அவற்றில் பல பெரிய தொகையை வெளியீட்டுக் கட்டணமாகக் கேட்கும். பகிர்வதற்கு அது தேவையும் இல்லை.

ஜெனோடோவில் ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரையும் 100 கோப்புகள் வரையும் வைக்கலாம். அதற்கு மேல் இடம் வேண்டுமானால் தனியே கேட்டுப் பெற வேண்டும். கிட்ஹப்பில் 100 எம்.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பைச் சாதாரண முறையில் ஏற்ற முடியாது. அதனால்தான் பெரிய தரவை ஜெனோடோவிலும் நிரலைக் கிட்ஹப்பிலும் பிரித்து வைக்கிறோம்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜெனோடோவில் "வெளியிடு" பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் எண் செயல்படத் தொடங்கிவிடும்; யாரும் சரிபார்ப்பதில்லை. ஜென்பாங்க் பொதுவாக இரண்டு வேலை நாள்களில், வரிசையின் அடையாளமான அணுகல் எண்ணைத் தரும் என்றாலும், கோப்பில் பிழை இருந்தால் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் வரும். ட்ரையட்டில் பணியாளர்கள் தரவைப் பார்வையிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்பதால் நாள்கள் கூடும். இவையெல்லாம் சிறு பகுதிதான். தரவைச் சீராக்கி விளக்கம் எழுதுவதற்கே முழுநேரமாக இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

4. ஆர்கிட் எண்ணைப் பெறுங்கள்

ஆர்கிட் என்பது ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண். இலவசம், சில நிமிடங்களில் கிடைக்கும். நம்மவர்களுக்கு இது இன்றியமையாதது. தலைப்பெழுத்து முன்னால் ஒரு கட்டுரையிலும் பின்னால் இன்னொன்றிலும் வருகிறது. தந்தையின் பெயர் சில இடங்களில் குடும்பப் பெயராக மாறிவிடுகிறது. எண் ஒன்றாக இருந்தால் பெயர் எப்படி அச்சானாலும் படைப்புகள் உங்கள் கணக்கில் சேரும். பதிவு செய்யும்போது நிறுவன மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் சேருங்கள். படிப்பு முடிந்ததும் நிறுவன முகவரி முடக்கப்படும். அப்போது கணக்குக்குள் நுழைய வழியின்றிப் போகக் கூடாது. ஜெனோடோவுக்குள் ஆர்கிட் வழியாகவே நுழையலாம்.

5. தரவைச் சீராக்குங்கள்

அதிக நேரம் தேவைப்படும் படி இதுதான், அதிக பயன் தரும் படியும் இதுதான். கருவியிலிருந்து வந்த மூலத் தரவை ஒரு கோப்புறையில் கைபடாமல் வையுங்கள். திருத்தங்கள் எல்லாவற்றையும் நிரல் வழியாகச் செய்து, சீரான தரவை வேறொரு கோப்புறையில் சேமியுங்கள். இரண்டையும் வெளியிடுங்கள்.

அட்டவணைகளை எக்செல் வடிவில் மட்டும் வைக்காமல், காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையான சி.எஸ்.வி. வடிவில் வையுங்கள். வண்ணம் பூசிய கட்டங்களுக்கு அதில் இடமில்லை. "மஞ்சள் நிறக் கட்டங்கள் சந்தேகத்துக்குரியவை" என்பது போன்ற குறிப்புகளைத் தனி நெடுவரிசையாக மாற்றுங்கள். எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்களுக்கு மிகவும் அஞ்ச வேண்டும். செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை அது செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இத்தகைய பிழையைக் கொண்டிருந்ததாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களின் பெயர்களையே செப்டின்2 என்பதுபோல மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் மாதிரிகளுக்கு 007 என்று எண் கொடுத்திருந்தால் முன்னாலுள்ள பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும். சி.எஸ்.வி. கோப்பைச் சாதாரண உரைச் செயலியில் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஏரிகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தால் கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இல்லையெனில் மற்றவர்களின் கணினியில் அவை கேள்விக்குறிகளாகத் தெரியும். தமிழ்ப் பெயருக்கு அருகிலேயே ஆங்கில எழுத்துப்பெயர்ப்புக்கும் ஒரு நெடுவரிசை கொடுப்பது நல்லது. தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2023-07-05 என எழுதுங்கள். 05/07/2023 என்பதை நாம் ஜூலை 5 என்று படிப்போம். அமெரிக்கர் மே 7 என்று படிப்பார்.

அலகுகளில் ஏற்படும் குழப்பம் ஆய்வையே கெடுத்துவிடக் கூடியது. "நைட்ரேட், லிட்டருக்கு 10 மில்லிகிராம்" என்று எழுதினால் போதாது. அந்த 10 நைட்ரேட் அயனியின் எடையா, அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டுமா? இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.4 மடங்கு வேறுபாடு. இரு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும் ஒருவர் இந்த விவரம் இல்லாமல் தவறான முடிவுக்கு வந்துவிடுவார். அதேபோல, "அளக்கவில்லை", "அளந்தோம், ஆனால் கருவியின் வரம்புக்குக் கீழே இருந்தது", "உண்மையிலேயே பூஜ்யம்" ஆகிய மூன்றும் வெவ்வேறு செய்திகள். வெற்றுக் கட்டத்தால் மூன்றையும் குறித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு வைத்து, அதன் பொருளை எழுதுங்கள். பலர் பயன்படுத்தும் -999 என்ற எண்ணைத் தவிர்ப்பதே நல்லது. யாரோ ஒருவர் அதைச் சராசரியில் சேர்த்துக் கணக்கிட்டுவிடுவார்.

6. ரீட்மீ கோப்பை எழுதுங்கள்

ரீட்மீ என்பது தரவோடு வைக்கும் விளக்கக் கோப்பு. உங்கள் கட்டுரையைப் படிக்காத ஒருவர், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், இதை மட்டும் வைத்துக்கொண்டு தரவைப் பயன்படுத்த முடிய வேண்டும். தரவு என்ன, யார் எப்போது எங்கே எடுத்தது, எந்தக் கருவி, எந்த அளவீட்டு முறை, ஒவ்வொரு கோப்பிலும் என்ன இருக்கிறது, ஒவ்வொரு நெடுவரிசையின் பெயரும் பொருளும் அலகும் குறியீடுகளும், எவற்றை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள், உரிமம் என்ன, எப்படி மேற்கோள் காட்ட வேண்டும், யாரைத் தொடர்புகொள்வது ஆகியவை அதில் இருக்கட்டும். நெடுவரிசை விளக்கங்களைக் கடைசி நாளில் நினைவிலிருந்து எழுத முயலாதீர்கள். களத்திலிருந்து திரும்பிய வாரத்திலேயே எழுதுங்கள்.

கோப்புகள் அதிகமாக இருந்தால் ஸிப் ஆகக் கட்டிப் பதிவேற்றலாம். ஆனால் ரீட்மீயை ஸிப்புக்கு வெளியே வையுங்கள். இணைய வேகம் குறைந்த இடத்தில் இருப்பவர், பல ஜி.பி. அளவுள்ள கோப்பை இறக்காமலேயே உள்ளே இருப்பதை அறிந்துகொள்ள அது உதவும்.

7. நிரலைப் பிறர் கணினியில் ஓடவையுங்கள்

கட்டுரையிலுள்ள படங்களையும் அட்டவணைகளையும் உருவாக்கிய நிரல் எதுவோ அதைத்தான் பகிர வேண்டும். அழகுபடுத்திய வேறொன்றை அன்று. நிரல் ஒழுங்கற்றதாக இருக்கிறது என்ற கூச்சத்தால் பகிராமல் விடுபவர்கள் பலர். ஒழுங்கற்ற நிரலும் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லும். அதைக் கட்டுரையின் நான்கு வரி விளக்கத்திலிருந்து அறிய முடியாது.

கோப்புகளின் பாதைகளை முதலில் பாருங்கள். உங்கள் கணினியின் சி டிரைவில் உங்கள் பெயருள்ள கோப்புறையைத் தேடும் நிரல் வேறெங்கும் ஓடாது. பாதைகளைத் திட்டக் கோப்புறையிலிருந்து தொடங்குமாறு மாற்றுங்கள். அடுத்து, பயன்படுத்திய நூலகங்களின் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பெயர்களைப் பதிப்பு எண்களோடு பட்டியலிடுங்கள். பைத்தானில் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்போ காண்டா சூழல் கோப்போ இதைச் செய்யும். ஆர் மொழியில் ரென்வ் செய்யும். சீரற்ற எண்களைப் பயன்படுத்தியிருந்தால் அவற்றின் தொடக்க எண்ணை (சீட்) நிரலிலேயே நிலையாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் விடை சற்றே மாறும். நிரலைக் கட்டம் கட்டமாக ஓடவைக்கும் ஜுப்பிட்டர் நோட்புக்கைப் பயன்படுத்துபவர்கள் அனைத்தையும் அழித்துவிட்டு மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் ஓடவைத்துப் பார்க்க வேண்டும். முன்பின்னாக ஓடவைத்த கட்டங்களால் கிடைத்த விடை அப்போது பெரும்பாலும் வராது. எல்லாம் முடிந்ததும் ஆய்வகத் தோழர் ஒருவரிடம் ரீட்மீயை மட்டும் கொடுத்து, அவருடைய கணினியில் ஓடவைக்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை ரீட்மீயில் சேர வேண்டும்.

கிட்ஹப் திட்டத்தைப் பொதுவில் திறப்பதற்கு முன், நிரலுக்குள் கடவுச்சொல்லோ இணையச் சேவைகளை அணுகுவதற்கான ரகசியச் சாவியோ எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இப்போதைய கோப்பிலிருந்து அழித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி பழைய பதிப்புகள் அனைத்தையும் வரலாற்றில் வைத்திருக்கிறது. யாரும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். முதலில் அந்தச் சாவியையே செல்லாததாக்கிப் புதியது பெறுங்கள். பிறகு வரலாறு இல்லாத புதிய திட்டமாகத் தொடங்குவது எளிய வழி. பங்கேற்றவர்களின் பெயர்ப் பட்டியல் எப்போதோ ஒருமுறை உள்ளே போயிருந்தாலும் இதே நிலைதான்.

8. உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

உரிமம் எழுதாமல் பொதுவில் வைத்த நிரலைப் பிறர் பார்க்கலாம். ஆனால் தம் ஆய்வில் மாற்றிப் பயன்படுத்தவோ மறுபடி வெளியிடவோ அவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. பகிர்ந்தும் பகிராததுபோல் ஆகிவிடும். தரவுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி பை 4.0 அல்லது சிசி ஜீரோ பொருத்தமானது. முன்னது, எடுத்தாள்பவர் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. பின்னது எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறது. ட்ரையட் சிசி ஜீரோவை மட்டுமே ஏற்கிறது. சிசி ஜீரோவில் வைத்தால் யாரும் மேற்கோள் காட்டமாட்டார்கள் என்ற அச்சம் தேவையில்லை. மேற்கோள் காட்டுவது ஆய்வுலகின் நெறி. அது உரிமத்தைச் சார்ந்ததன்று.

நிரலுக்குச் சிசி உரிமங்களைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றை வெளியிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே மென்பொருளுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி 2.0 ஆகியவை கட்டுப்பாடு குறைந்தவை. உங்கள் நிரலை மாற்றி வெளியிடுபவரும் அதைத் திறந்த மூலமாகவே வெளியிட வேண்டும் என விரும்பினால் ஜி.பி.எல். எடுங்கள். வேறொருவரின் ஜி.பி.எல். நிரலிலிருந்து பகுதிகளை எடுத்து உங்கள் நிரலுக்குள் சேர்த்திருந்தால் தேர்வே இல்லை, உங்களுடையதும் ஜி.பி.எல். ஆகத்தான் இருக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கும் உரிமத்தைப் பலர் பாதுகாப்பு என்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணம் வாங்கும் பயிற்சி நிறுவனமும் தனியார் மருத்துவமனை ஆய்வாளரும் வணிகமா இல்லையா என்ற ஐயத்திலேயே உங்கள் தரவை ஒதுக்கிவிடுவார்கள். நிதி தந்தவர் கேட்டாலன்றி அதைத் தவிருங்கள்.

9. ஒத்திகை பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்

ஜெனோடோவில் வெளியிட்ட பதிவின் கோப்புகளை நினைத்தபோது மாற்ற முடியாது. தலைப்பு, விளக்கம் போன்ற விவரங்களை மட்டும் திருத்தலாம். ஆகவே முதலில் சாண்ட்பாக்ஸ் எனப்படும் அதன் ஒத்திகைத் தளத்தில் செய்து பாருங்கள். அதற்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். அங்கே கிடைக்கும் எண் உண்மையானது அன்று என்பதால் அதைக் கட்டுரையில் எழுதிவிடக் கூடாது.

உண்மையான தளத்தில் புதிய பதிவைத் தொடங்கி, வகை தரவா மென்பொருளா என்று குறித்து, ஆசிரியர்களை ஆர்கிட் எண்களோடு சேருங்கள். களப்பணியிலும் அளவீட்டிலும் உழைத்தவர்களின் பெயர்கள் இங்கே விடுபடக் கூடாது. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலும் தரவின் ஆசிரியர் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தரவுக்காக உழைத்தவர்களுக்கு உரிய இடம் தர இது நல்ல வாய்ப்பு. கட்டுரையில் எழுதுவதற்கு எண் முன்கூட்டியே தேவை என்பதால், வரைவு நிலையிலேயே டி.ஓ.ஐ. எண்ணை ஒதுக்கி வாங்கிக்கொள்ளலாம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஒதுக்கிய எண், பதிவை நீங்கள் வெளியிடும் வரை இயங்காது. கட்டுரை அச்சாகி, வரைவு வெளியிடப்படாமல் கிடந்தால், வாசகர் சொடுக்கும் இணைப்பு வெறும் பிழைப் பக்கத்துக்குத்தான் போகும். கட்டுரையின் மெய்ப்பு கையில் வந்த அன்றே வெளியிடுங்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஜெனோடோ ஒரு சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். உங்கள் கணினியிலுள்ள கோப்பின் எண்ணோடு அதை ஒப்பிட்டால், இணையம் இடையில் அறுந்து கோப்பு சிதைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

10. கிட்ஹப்பை ஜெனோடோவோடு இணையுங்கள்

ஜெனோடோ கணக்கின் அமைப்புகளில் கிட்ஹப் பகுதிக்குப் போய், உங்கள் திட்டத்துக்கு நேரேயுள்ள விசையை இயக்குங்கள். அதன் பிறகு கிட்ஹப்பில் ஒரு வெளியீட்டை (ரிலீஸ்) உருவாக்கினால், அந்தப் பதிப்பை ஜெனோடோ தானாக எடுத்துச் சேமித்து எண் தரும். விசையை இயக்குவதற்கு முன் உருவாக்கிய வெளியீடுகளை அது எடுத்துக்கொள்ளாது, வரிசை முக்கியம்.

ஆசிரியர் விவரங்களை நீங்கள் எழுதி வைக்காவிட்டால், கிட்ஹப்பில் பங்களித்தவர்களின் பயனர் பெயர்களே ஆசிரியர்களாகப் பதிவாகிவிடலாம். ஆசிரியர், தலைப்பு போன்ற மேற்கோள் விவரங்களைக் கொண்ட சைட்டேஷன் கோப்பு ஒன்றைத் திட்டத்தில் வைத்தால் இது தவிர்க்கப்படும். கிட்ஹப்பும் அதைப் படித்து மேற்கோள் பொத்தானைக் காட்டும். பெரிய கோப்புகளுக்கான கிட் எல்.எஃப்.எஸ். வசதியைப் பயன்படுத்துபவர்கள், காப்பகத்தில் கோப்புக்குப் பதில் சில வரிச் சுட்டி மட்டும் போயிருக்கிறதா என்று பாருங்கள். கிட்ஹப் அமைப்புகளில் அதற்கான தேர்வைத் தனியே இயக்க வேண்டும். உங்கள் திட்டத்துக்குள் இணைத்த துணைத் திட்டங்களும் (சப்மாட்யூல்) தாமாகச் சேரா. ஜெனோடோவில் சேர்ந்த ஸிப்பை இறக்கித் திறந்து பார்ப்பதுதான் ஒரே உறுதியான சோதனை.

இதோடு, பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்திலும் உங்கள் திட்டத்தின் முகவரியைக் கொடுத்து இலவசமாகச் சேமிக்கச் சொல்லலாம். கிட் வரலாறு முழுவதையும் அது வைத்துக்கொள்ளும்.

11. மதிப்பாய்வுக் காலத்தைக் கடக்க

கட்டுரை வரும் வரை தரவைப் பொதுவில் வைக்க விருப்பம் இல்லையென்றால், கோப்புகளைக் கட்டுப்பாட்டில் வைத்து, தடைக்காலம் முடியும் தேதியைக் குறிக்கலாம். மதிப்பாய்வாளர்களுக்கு மட்டும் தனி இணைப்பை உருவாக்கி இதழாசிரியரிடம் கொடுக்கலாம். ஆசிரியர் பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழ்களில் இது போதாது. ஜெனோடோ பக்கத்தில் உங்கள் பெயர் தெரியும். அத்தகைய இதழ்களுக்கு, பெயரை மறைத்த பார்வை இணைப்பைத் தரும் ஓ.எஸ்.எஃப். பொருத்தமானது. ரீட்மீயிலும் நிரலின் தலைப்புக் குறிப்பிலும் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

12. கட்டுரையில் சரியான எண்ணை எழுதுங்கள்

ஜெனோடோ இரண்டு எண்களைத் தரும். ஒன்று குறிப்பிட்ட பதிப்புக்குரியது. மற்றது எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவானது, எப்போதும் புதிய பதிப்பையே காட்டும். கட்டுரையின் முடிவுகள் எந்தக் கோப்புகளிலிருந்து கிடைத்தனவோ அந்தப் பதிப்பின் எண்ணையே கட்டுரையில் எழுத வேண்டும். பொது எண்ணை எழுதினால், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்ப்பவர் நீங்கள் மாற்றிய வேறு தரவைக் காண்பார். எண்கள் பொருந்தாமல் உங்கள் கட்டுரையையே ஐயுறுவார். உங்கள் தனிப் பக்கத்திலும் திட்டத்தின் ரீட்மீயிலும் பொது எண்ணைப் பயன்படுத்தலாம்.

தரவு கிடைக்குமிடத்தைச் சொல்லும் பத்தியில் தரவின் எண், நிரலின் எண், அவற்றின் உரிமங்கள், வெளியிட முடியாத பகுதி எது, ஏன் முடியாது என்பவற்றை எழுதுங்கள். அந்தப் பத்தியோடு நிறுத்திவிடாமல், தரவையும் நிரலையும் மேற்கோள் பட்டியலிலும் தனித்தனி உருப்படிகளாகச் சேருங்கள். பட்டியலில் இருந்தால்தான் மேற்கோள் கணக்கில் ஏறும். தரவு எடுத்தவர்களுக்கும் அதன் பலன் போய்ச் சேரும். கட்டுரை வெளியானதும் ஜெனோடோ பக்கத்துக்குத் திரும்பிப் போய், தொடர்புடைய படைப்பு என்ற இடத்தில் கட்டுரையின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் பதிவை அழிக்கக் கோராதீர்கள். "புதிய பதிப்பு" என்ற வசதியால் திருத்திய கோப்புகளைச் சேர்த்து, என்ன மாறியது, கட்டுரையின் முடிவுகளை அது பாதிக்கிறதா என்பதை ரீட்மீயின் தொடக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். முடிவுகளைப் பாதிக்குமானால் இதழுக்கும் அன்றே எழுதுங்கள். பழைய பதிப்பு அதன் எண்ணோடு அப்படியே இருக்கும்; அதை ஏற்கெனவே இறக்கிப் பயன்படுத்தியவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, தம் வேலையில் எதைத் திருத்த வேண்டும் என்று கண்டுகொள்வார்கள்.